நெட்டைக்கொல்லைக்காரர்கள் பெட்டியைப் பார்த்துக்கொண்ட வழக்கு

நெட்டைக்கொல்லைக்காரர்களிடம் ஒரு வேலை சொல்வதென்றால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வாடா என்று அனுப்பினால், அந்த ஊர்ப் பக்கிரி போய்ப் பார்த்துவிட்டுக் கயிறு பத்தவில்லை என்று திரும்பி வருவான். அவர்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது, திருடத் தெரியாது, ஒருத்தர் சொன்னதை மீறத் தெரியாது. சொன்ன சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கலாம் என்பதும் தெரியாது. மற்றபடி தங்கமான மனிதர்கள்.

அந்த ஊரில் கலியபெருமாளுக்குத்தான் அறிவாளி என்று பெயர். பஸ்ஸில் கண்டக்டர் "உள்ள போ, உள்ள போ" என்று கத்தியபோது, மற்றவர்களைப்போலப் போய்க்கொண்டே இருந்து டிரைவர் மடியில் உட்காராமல், பாதியிலேயே நின்றுவிட்டவர் அவர் ஒருத்தர்தான். அதிலிருந்து ஊரில் எந்தச் சிக்கல் வந்தாலும் அவரிடம்தான் வருவார்கள். சிக்கல் அதன்பிறகு வேறு மாதிரி ஆகிவிடும்.

ஒருநாள் மத்தியானம் கலியபெருமாளும், அவர் மனைவியின் தம்பி நாடிமுத்துவும், சித்தப்பா மகன் பக்கிரியும், பெரியப்பா முறையாகும் தனுஷ்கோடியும் ஊர் முனையில் பஸ் நிறுத்தத்துக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். காரைக்கால் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு ஆள் வந்தான். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, வண்டிக்குப் பின்னால் மூன்று அட்டைப்பெட்டிகள். தூரத்தில் போலீஸ் ஜீப் நிற்பதைப் பார்த்ததும் வண்டியை ஒடித்து நிறுத்தினான். பெட்டிகளை மளமளவென்று இறக்கிக் கொட்டகைக்குள் வைத்தான்.

"அண்ணே, இந்தப் பெட்டிங்களக் கொஞ்சம் பாத்துக்குங்க. இதோ வந்துடறேன்" என்று கலியபெருமாளிடம் சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டான்.

பாவம், வெளியூர்க்காரன். அவனுக்கு இவர்களைப் பற்றித் தெரியாது.

கலியபெருமாள் எழுந்து பெட்டிகளுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவற்றைப் பார்க்கத் தொடங்கினார். மற்ற மூவரும் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"மாமா, கொஞ்சம் பாத்துக்கன்னுதானே சொன்னான். நீங்க முழுசா பாக்கறீங்களே?" என்றான் நாடிமுத்து.

"கொஞ்சம்னா எவ்வளவுன்னு கேக்காம விட்டுட்டமே மாப்ள" என்று கலியபெருமாள் கவலைப்பட்டார்.

தனுஷ்கோடி தொண்டையைச் செருமினார். "எனக்கு ஒரு கண்ணுல புரை. கொஞ்சமாப் பாக்கறதுக்கு அந்தக் கண்ணு போதும். நீங்க மூணு பேரும் முழுசாப் பாருங்க. கூட்டிக் கழிச்சா சரியா வந்துடும்."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. பொழுது சாய்ந்தது. கலியபெருமாளின் மனைவி செண்பகவல்லி சோறு கொண்டுவந்து வைத்தாள். பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிட்டதில் பக்கிரி, நாடிமுத்துவின் தட்டிலிருந்ததையெல்லாம் சாப்பிட்டுவிட்டான். நாடிமுத்து வெறும் தட்டில் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு, இன்றைக்கு உப்பு குறைச்சல் என்றான். விடிந்தது. வெள்ளைச் சட்டைக்காரன் வரவில்லை. ஜீப்தான் வந்தது.

"யாருதுய்யா இந்தப் பெட்டி?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"தெரியாதுங்க" என்றார் கலியபெருமாள், பெட்டியைப் பார்த்தபடியே.

"நீங்க என்ன பண்றீங்க?"

"பாத்துக்கிட்டிருக்கோம்."

"எவ்வளவு நேரமா?"

"நேத்துலேருந்து."

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெட்டியைப் பிரித்தார். உள்ளே வரிசை வரிசையாகச் சாராய பாட்டில்கள். எல்லாம் காரைக்கால் சரக்கு. "உள்ள என்ன இருக்குன்னு தெரியாதுன்னு சொல்லப் போறியா?" என்றார்.

"பெட்டியத்தாங்க பாத்துக்கச் சொன்னாரு. உள்ள பாக்கச் சொல்லலியே."

சப்-இன்ஸ்பெக்டர் தன் வாழ்க்கையில் எத்தனையோ சாக்குப்போக்குகள் கேட்டிருக்கிறார். இது புதிதாக இருந்தது. அதனாலேயே அவருக்குக் கோபம் வந்தது. "கையும் களவுமா மாட்டியிருக்கீங்க" என்றார். பக்கிரி தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துவிட்டு, "கை இருக்குங்க. இன்னொண்ணு எங்கிட்ட இல்லீங்க" என்றான்.

ஆக, தமிழ்நாட்டுக்குள் வெளி மாநிலச் சரக்கைத் தம் வசம் வைத்திருந்ததாக நாலு பேர் மேலும் மதுவிலக்குச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. வசம் என்று காதில் விழுந்ததும் தனுஷ்கோடி, "வசம்பெல்லாம் கைக்கொழந்த இருக்கற வீட்டுலதாங்க இருக்கும்" என்றார். ஜாமீனில் வெளியே வந்தார்கள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். ஆனால் கலியபெருமாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மகள் தேன்மொழிக்குத் திருக்கடையூர்ப் பக்கம் ஒரு நல்ல இடம் அமைந்திருந்தது. பையன் மின்சார வாரியத்தில் வேலை. தாம்பூலம் மாற்ற வேண்டியதுதான் பாக்கி. சாராயக் கேஸ் என்று கேள்விப்பட்டதும் பையனின் அப்பா சொல்லி அனுப்பினார்: "கேஸு இல்லன்னு ஆகட்டும். அப்பறம் பேசலாம்."

தேன்மொழி நிச்சயத்துக்கு எடுத்து வைத்திருந்த புடவையை மடித்து மறுபடி பெட்டிக்குள் வைத்தாள். கலியபெருமாள் அந்தப் பெட்டியையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

செண்பகவல்லி மூக்கைச் சிந்திப்போட்டாள். "எங்க வம்சத்துல இதுநாள் வரைக்கும் ஒருத்தரும் கோர்ட்டுப் படி ஏறுனதில்ல. நீங்க ஏறுனீங்கன்னா நான் எங்கப்பா வீட்டுக்குப் போயிடுவேன், சொல்லிட்டேன்."

"கோர்ட்டுப் படிய நான் ஏறவே மாட்டேன்" என்று கலியபெருமாள் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

மறுநாள் நாலு பேரும் தரங்கம்பாடியில் எபினேசர் வக்கீலைப் போய்ப் பார்த்தார்கள். அவருக்கு அறுபது வயதுக்கு மேல். முட்டிவலி உண்டு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். இரண்டு முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தக் கேஸு நிக்காது" என்றார் கடைசியில்.

"நிக்காட்டி உக்காந்துக்குமுங்களா?" என்றான் பக்கிரி.

வக்கீல் அதைக் காதில் வாங்கவில்லை. "வழக்கையே ரத்து பண்ணச் சொல்லி சென்னையில உயர் நீதிமன்றத்துல மனு போடுவோம். அங்கல்லாம் நீங்க வர வேண்டியதில்ல. உங்க நாலு பேருக்காகவும் நான் நிக்கிறேன். இந்த வக்காலத்துல கீழ கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியாப் போங்க."

நாலு பேரும் நாற்காலியை விட்டு இறங்கி, கீழே தரையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள்.

வெளியே வந்ததும் கலியபெருமாளின் மனசு லேசாகிவிட்டது. வர வேண்டியதில்லை என்றால் படி ஏற வேண்டியதில்லை. ஆனால் நாடிமுத்துவின் முகம் வாடியிருந்தது.

"என்ன மாப்ள?"

"இல்ல மாமா, கேஸு நிக்காதாம். அதுக்குப் பதிலா வக்கீலய்யா நிக்கிறாராம். அதுவும் நாலு பேருக்காக. நம்ம நாலு பேருக்கு எட்டுக் காலு. அவருக்கு ரெண்டுதான். அதுலயும் முட்டிவலி."

நாலு பேரும் நடுரோட்டில் நின்று இதை யோசித்தார்கள். ஒரு லாரிக்காரன் ஆரன் அடித்து ஓய்ந்து, இறங்கி வந்து, இவர்களைக் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டுப் போனான். மனசு கேட்கவில்லைதான். ஆனால் வர வேண்டியதில்லை என்று அவரே சொல்லிவிட்டாரே, மீறுவது எப்படி?

மனு பதிவாகி, விசாரணைக்கு வருகிற நாளும் வந்தது. அன்று சாயங்காலம் வக்கீல் சென்னையிலிருந்து கலியபெருமாளைச் செல்போனில் கூப்பிட்டார்.

"கலியபெருமாள், நமக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. அடுத்த செவ்வாய்க்கிழமைதான். கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கலியபெருமாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு மற்ற மூவரையும் வரவழைத்தார்.

"வக்கீலய்யாவுக்கு நாள் தள்ளிப் போயிருக்காம்."

தனுஷ்கோடி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"இந்த வயசுலயா?" என்றார் தனுஷ்கோடி.

"அண்ணே, அவருக்கா, அவரு சம்சாரத்துக்கா?"

"சம்சாரத்தப் பத்திப் பேச்சே எடுக்கல பக்கிரி. 'நமக்கு'ன்னு சொன்னாரு."

"நமக்குன்னா?" என்று கேட்டான் நாடிமுத்து.

"நமக்குன்னா நம்ம எல்லாருக்கும்தான்" என்றார் தனுஷ்கோடி. நாலு பேரும் குனிந்து தங்கள் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள். பக்கிரிக்கு மட்டும் கொஞ்சம் தொந்தி உண்டு. மற்றவர்கள் அவனைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

"அது எப்படியோ போகட்டும்" என்றார் கலியபெருமாள். "மொதல்ல முட்டிவலி மட்டும்தான். இப்ப இந்த நெலமையில ஒரு மனுசன் நமக்காகக் கால் கடுக்க நிப்பாரு, நாம இங்க உக்காந்து சோறு திங்கறதா? வர வேண்டியதில்லன்னுதான் சொன்னாரு. வரக்கூடாதுன்னு சொல்லல."

அவருடைய அறிவை மெச்சி மூவரும் தலையாட்டினார்கள். ஊர்ப் பொதுவில் ஒரு நீள மரப் பெஞ்சி இருந்தது. அதை வக்கீல் உட்காருவதற்காக எடுத்துக்கொண்டார்கள். செண்பகவல்லி கொல்லை மரத்திலிருந்து நல்ல புளிப்பு மாங்காயாகப் பறித்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். "இந்தச் சமயத்துல வாய்க்கு இதுதான் புடிக்கும்" என்றாள். வைக்கோல் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போன லாரி ஒன்றில், வைக்கோலுக்கு மேலே பெஞ்சியைப் போட்டு, அதில் வரிசையாக உட்கார்ந்து நாலு பேரும் போனார்கள். வழியில் பார்த்தவர்களெல்லாம் ஏதோ கட்சி ஊர்வலம் என்று நினைத்துக் கை காட்டினார்கள். இவர்களும் காட்டினார்கள்.

நீதிமன்றம் சிவப்பாக, பெரிதாக, கோபுரம் கோபுரமாக இருந்தது. கலியபெருமாள் அதைப் பார்க்கவில்லை. வாசலில் இருந்த படிகளைத்தான் பார்த்தார். வரிசையாக, அகலமாக, கருங்கல் படிகள்.

"மாப்ள" என்றார், "உங்க அக்காவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

மூவரும் பெஞ்சியை இறக்கி வைத்துவிட்டு ஆலோசனை செய்தார்கள்.

"பின்பக்கமா ஏறுனா?" என்றான் பக்கிரி.

"பின்பக்கமா ஏறுனாலும் ஏறுனதுதான்."

"கண்ண மூடிக்கிட்டு ஏறுனா?"

"படிக்குத் தெரியுமே" என்றார் தனுஷ்கோடி. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "கலியபெருமாள் ஏறக்கூடாது. அவ்வளவுதானே? பெஞ்சி ஏறலாமில்ல?"

கலியபெருமாள் பெஞ்சியில் ஏறிப் படுத்துக்கொண்டார். மூன்று பேரும் தூக்கினார்கள். பயத்தில் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையைக் கூப்பி நெஞ்சில் வைத்திருந்தார். கறுப்புக் கோட்டு போட்டவர்கள் விலகி வழிவிட்டார்கள். வாசலில் நின்ற போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "பாவம், எத்தன வருசமா நடந்த கேஸோ" என்று சொல்லி, ஒரு மூலையைத் தானும் பிடித்து மேலே ஏற்றிவிட்டார்.

எபினேசர் வக்கீல் தன் வழக்கு எண்ணைக் கூப்பிட்டவுடன் எழுந்து பேச ஆரம்பித்திருந்தார். பின்னால் கூட்டத்தில் சலசலப்பு கேட்டுத் திரும்பினார். அவருடைய கட்சிக்காரர்கள் மூவர், நாலாவது கட்சிக்காரரைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். அவர் பேசவேண்டிய சட்டப்பிரிவு அத்தனையும் அந்த நொடியில் மறந்துபோனது.

கலியபெருமாள் எழுந்து இறங்கினார். பெஞ்சியைத் துண்டால் தட்டி, வக்கீலின் காலுக்குப் பின்னால் கொண்டுவந்து போட்டார்கள்.

"உக்காருங்கய்யா" என்றான் நாடிமுத்து, பரிவாக. "எங்களுக்கு எல்லாம் தெரியும். நின்னது போதும்."

நீதிபதி ஒரு அம்மா. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யார் இவங்க?"

"மனுதாரர்கள்தான் அம்மா" என்றார் வக்கீல், ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு. "இதுதான் என் வாதம்னுகூடச் சொல்லலாம்."

அரசு வக்கீல் எழுந்தார். பெட்டிகள் இவர்கள் முன்னால்தான் இருந்தன; ஒரு பகல், ஒரு இரவு முழுக்க இவர்கள் அவற்றை விட்டு நகரவில்லை; பார்த்துக்கொண்டிருந்தோம் என்று இவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்; இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்று இங்கிலீஷில் அடுக்கினார். நாலு பேரும் அவர் பேசப் பேச மரியாதையாகத் தலையாட்டினார்கள். வக்கீலுக்கு வியர்த்தது.

நீதிபதி இவர்களுக்கும் புரியட்டும் என்று தமிழில் கேட்டார்: "அப்ப இந்த மனுவ ஏன் நான் தள்ளுபடி செய்யக் கூடாது?"

கலியபெருமாளின் முகம் மலர்ந்தது. அன்று காலையிலிருந்து அவருக்குப் புரிந்த முதல் வார்த்தை அது.

"பண்ணுங்கம்மா!" என்று கைகூப்பினார். "தாராளமாப் பண்ணுங்க!"

"எவ்வளவும்மா தள்ளுபடி?" என்றான் நாடிமுத்து. "ஆடி மாசத்துலயே கடையில பாதிதான் குடுக்கறாங்க. நீங்க பாத்து முழுசாத் தள்ளுபடி பண்ணிடணும்."

"ஏழைங்கம்மா. பண்ணாம இங்கேருந்து போவ மாட்டோம்" என்றார் தனுஷ்கோடி.

எபினேசர் வக்கீல் பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டார். கொண்டுவந்தது வீண்போகவில்லை என்று பக்கிரிக்குத் திருப்தி.

நீதிபதி கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கலியபெருமாளை முன்னால் வரச் சொன்னார். "நேராச் சொல்லுங்க. அந்த ஆள் உங்ககிட்ட என்ன சொன்னான்?"

"பெட்டியக் கொஞ்சம் பாத்துக்குங்கன்னு சொன்னாரும்மா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"பாத்தோம்மா. இவரு மட்டும் கொஞ்சமாப் பாத்தாரு. கண்ணுல புரை."

"அவன் திரும்பி வரலைன்னதும் போலீசுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாமே?"

"போனா பெட்டிய எப்படிம்மா பாக்கறது?" என்றார் கலியபெருமாள். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எம் பொண்ணுக்குத் தாம்பூலம் மாத்தணும்மா. அது பொடவைய மடிச்சு வெச்சிருக்கு. நாங்க பாத்ததுல தப்பு இருந்தா, இனிமே எப்படிப் பாக்கணும்னு சொல்லுங்க, அப்படிப் பாத்துக்கறோம்."

அரசு வக்கீல் சிரித்தார். "நடிப்பு" என்றார்.

நீதிபதி சிரிக்கவில்லை. மேசைமேல் இருந்த தன் கண்ணாடிக் கூட்டை எடுத்து டவாலிச் சேவகரிடம் கொடுத்து, அந்தப் பெஞ்சியின் ஓரத்தில் வைக்கச் சொன்னார். "இதக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று நாலு பேரிடமும் சொல்லிவிட்டு, அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

நாலு பேரும் பெஞ்சிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். தனுஷ்கோடி புரைக்கண்ணை அதன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்தடுத்து வழக்குகள் நடந்தன. ஒரு நிலத் தகராறில் இரண்டு வக்கீல்கள் கத்திக்கொண்டார்கள். மின்விசிறி நின்று போய் மறுபடி ஓடியது. வேலைக்காரர் ஒருத்தர் கால் தடுக்கித் தேநீரைப் பக்கிரியின் தோளில் ஊற்றிவிட்டார். பக்கிரி "ஸ்" என்றான். கண்ணை எடுக்கவில்லை. மத்தியான இடைவேளைக்கு நீதிபதி எழுந்துபோனார், கூட்டம் கலைந்தது. இவர்கள் அசையவில்லை. அரசு வக்கீலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாதியில் எழுந்து வந்து கதவோரமாக எட்டிப் பார்த்தார். அப்படியே இருந்தார்கள். கிட்டே வந்து மெதுவாக, "அதுக்குள்ள என்னய்யா இருக்கு?" என்று கேட்டுப் பார்த்தார்.

"கண்ணாடிக் கூட்டத்தாங்க பாத்துக்கச் சொன்னாங்க" என்றார் கலியபெருமாள், கண்ணில் நீர் வழிய. "உள்ள பாக்கச் சொல்லல."

இடைவேளை முடிந்து நீதிபதி வந்தபோது அரசு வக்கீல் தானாகவே எழுந்து நின்றார். "அரசுத் தரப்பில் மேற்கொண்டு சொல்வதற்கு ஒன்றும் இல்லை" என்றார்.

நீதிபதி உத்தரவைச் சொல்லச் சொல்ல எழுதினார்கள். ஒரு பொருளைத் தன் வசம் வைத்திருப்பது வேறு, அதைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு. இந்த மனுதாரர்கள் செய்தது முழுக்க முழுக்க இரண்டாவதுதான். அதை இந்த நீதிமன்றம் தன் கண்ணால் பார்த்துவிட்டது. ஆகவே வழக்கு ரத்து. பிறகு காகிதங்களை மூடிவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"இங்க பாருங்க. இனிமே யாருதுன்னு தெரியாத பெட்டி எங்க இருந்தாலும் அதத் தொடாதீங்க, அது பக்கம் போகாதீங்க, ஏறெடுத்தும் பாக்காதீங்க. நேரா போலீஸ்ல போய்ச் சொல்லிடுங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதும்மா" என்றார்கள் நாலு பேரும். எபினேசர் வக்கீலுக்கு அந்த "புரிஞ்சுது" மேல் நம்பிக்கை வரவில்லை. அவசரமாகக் காகிதங்களை அள்ளிக்கொண்டு அவர்களை வெளியே அழைத்துப் போனார்.

திரும்பும்போது கலியபெருமாள் படிகளில் தாமே நடந்து இறங்கினார். இறங்குவதைப் பற்றிச் செண்பகவல்லி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கீழே வந்ததும் அவளுக்குப் போன் போட்டார்.

"செம்பகம், ரத்தாயிடுச்சு!"

"ஐயையோ! கல்யாணமா?"

"இல்லடி, கேஸு! கேஸுதான் ரத்து!"

அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம் கேட்டது. பிறகு தேன்மொழியைக் கூப்பிடுகிற சத்தம். பிறகு ஏதோ பெட்டி திறக்கிற சத்தம். கலியபெருமாள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றார்.

"படி ஏறலியே நீங்க?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"சத்தியமா ஏறல. பெஞ்சியில வெச்சுத் தூக்கிட்டுப் போனாங்க."

அவள் மறுபடி "ஐயையோ" என்று ஆரம்பிப்பதற்குள் நாடிமுத்து போனை வாங்கி, மாமா உயிரோடு இருப்பதை உறுதிப்படுத்தினான்.

மாங்காய்ப் பையை வக்கீலிடம் கொடுத்தார்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர், எதற்கு என்று கேட்காமல் ஒன்றை எடுத்துக் கடித்தார். இன்னொன்றையும் எடுத்தார். நாடிமுத்து மற்ற மூவரையும் பார்த்து, பார்த்தீர்களா என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

"எத்தனாவது மாசமுங்கய்யா?" என்றார் தனுஷ்கோடி.

"ஆறாவது மாசம்" என்றார் வக்கீல். அவர் வழக்கைச் சொன்னார். "நல்லபடியா இன்னைக்கு எறக்கி வெச்சாச்சு."

நாலு பேரும் அவர் வயிற்றைப் பார்த்தார்கள். பெரிய ஊர், பெரிய படிப்பு, அவர்கள் முறை எப்படியோ. ஊருக்குப் போக நாலு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, எழும்பூருக்கு ஆட்டோவும் ஏற்றிவிட்டார் அவர். பெஞ்சி ஆட்டோவின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு போனது.

சொல்ல விட்டுப்போய்விடும், இப்போதே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை தாம்பூலம் நல்லபடியாக மாற்றியாயிற்று. தேன்மொழி அந்தப் புடவையைத்தான் கட்டினாள். அதற்கு இவர்கள் ஊர் போய்ச் சேர்ந்ததுதான் கொஞ்சம் சிரமமாகிவிட்டது.

எழும்பூரில் நடைமேடையில் தேநீர் விற்கிற ஒருவரிடம் டிக்கெட்டைக் காட்டி, எங்கே போக வேண்டும் என்று கேட்டார் கலியபெருமாள்.

"அந்தா நிக்குது பாருங்க. ஒங்களுக்குப் பொதுப் பெட்டி. கடைசியில ரெண்டு பெட்டி இருக்கும்" என்றார் அவர்.

கலியபெருமாள் நின்றுவிட்டார். "பொதுப் பெட்டின்னா யாரு பெட்டிங்க?"

"பொதுன்னா பொதுதான்யா. தனியா ஒருத்தருக்கும் சொந்தமில்ல."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சரியாக அந்த நேரம் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டி எதையும் தொடாதீர்கள், உடனே காவல் துறைக்குத் தெரிவியுங்கள் என்றது.

"அம்மா தீர்ப்பு அதுக்குள்ள இங்க வந்துடுச்சு பாருங்க" என்றான் பக்கிரி, வியப்பாக.

"பேசாதடா. கண்ண மூடு" என்றார் தனுஷ்கோடி. "ஏறெடுத்துப் பாக்கக் கூடாது."

நாலு பேரும் கண்ணை மூடிக்கொண்டு, பெஞ்சியைப் பிடித்தபடி, வழியில் நின்றவர்களையெல்லாம் முழங்காலில் இடித்து, விசாரித்து விசாரித்து ரயில்வே போலீஸ் அறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உள்ளே ஒரு ஏட்டு இருந்தார்.

"ஐயா, நடைமேடையில பெட்டி இருக்குங்க. யாருதுன்னே தெரியல" என்றார் கலியபெருமாள்.

ஏட்டு நிமிர்ந்தார். "எத்தன பெட்டி?"

"எண்ணலீங்க. அந்தக் கோடியிலேருந்து இந்தக் கோடி வரைக்கும் பெட்டிதான்."

"அவ்வளவா? எவ்வளவு பெருசு?"

"ஒவ்வொண்ணும் கல்யாண மண்டபம் மாதிரி நீளங்க."

"உள்ள என்ன இருக்கு, பாத்தீங்களா?"

"நல்லாப் பாக்கல. கண்ண மூடறதுக்கு முன்னாடி கொஞ்சம் பட்டுதுங்க" என்றார் கலியபெருமாள். "ஆளுங்க இருக்காங்க. பொம்பளைங்க, கொழந்தைங்க எல்லாம். உள்ள வெச்சு சன்னலுக்குக் கம்பி போட்டிருக்கு. சில பேரு கம்பிக்கு வெளிய கைய நீட்டித் தண்ணி கேக்கறாங்க."

ஏட்டு நாற்காலி சாய எழுந்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு விசில் ஊதினார். வெளியே நின்ற இரண்டு காவலர்களும் ஓடிவந்தார்கள். எல்லோரும் நடைமேடையை நோக்கி ஓடினார்கள். பின்னாலேயே பெஞ்சியும் ஓடியது.

போய்ப் பார்த்தால் வெறும் தண்டவாளம்தான் கிடந்தது.

"எங்கய்யா?" என்று மூச்சிரைக்கக் கேட்டார் ஏட்டு.

கலியபெருமாள் மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இன்னொன்றையும் திறந்தார். தேநீர்க்காரர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "இங்க இருந்த பெட்டியெல்லாம் என்னங்க ஆச்சு?" என்று அவரிடம் கேட்டார்.

"இப்பதான் எஞ்சின் வந்து மாட்டி இழுத்துக்கிட்டுப் போச்சு. நீங்க ஏறலியா?"

"பாத்தீங்களாய்யா?" என்று கலியபெருமாள் ஏட்டின் பக்கம் திரும்பினார். "பட்டப்பகல்ல, இத்தன பேரு பாக்கறப்பவே வந்து இழுத்துக்கிட்டுப் போயிட்டான். பேரு எஞ்சினாம். எழுதிக்குங்க."

ஏட்டு எதையும் எழுதிக்கொள்ளவில்லை. காலித் தண்டவாளத்தைப் பார்த்தார், இவர்கள் கையில் இருந்த டிக்கெட்டுகளைப் பார்த்தார், பெஞ்சியைப் பார்த்தார். பிறகு அந்தப் பெஞ்சியிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கிரி அவருக்குத் துண்டால் விசிறிவிட்டான்.

நாடிமுத்து நெஞ்சில் கைவைத்து ஒரு பெருமூச்சு விட்டான். "நல்லவேள மாமா. நாம மட்டும் அந்தப் பெட்டிக்குள்ள ஏறியிருந்தோம்னா, இந்நேரம் நம்மளையும் சேத்துல்ல திருடிக்கிட்டுப் போயி நம்ம ஊருலயே எறக்கி விட்டிருப்பான்!"